கம்பிகளைக் கழற்றிய பிறகு

வீடியோ கலையின் வரலாறு பெரும்பாலும் நாடாக்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. அருங்காட்சியகம் சேகரிக்கக்கூடியது நாடா. அதற்கு ஒரு தேதி உண்டு, கால அளவு உண்டு, ஆசிரியர் பெயர் உண்டு. விமர்சகனுக்கும் அதுவே சௌகரியம். ஆனால் 1970களில் அமெரிக்காவின் சில நகரங்களில் வீடியோ சிந்தசைசரையும் எலெக்ட்ரானிக் இசையையும் சேர்த்துப் பார்வையாளர் முன் நிகழ்த்திக் காட்டிய ஒரு சிறு கூட்டத்தைப் பொறுத்தவரை, நாடா என்பது நடந்து போனதற்கு ஒரு சாட்சியம், அவ்வளவுதான். அதையே படைப்பாக எடுத்துக்கொண்டு பேசுகிற விமர்சனம், கச்சேரி முடிந்த மேடையில் கிடக்கும் வெற்றிலைத் தாம்பாளத்தை வைத்துப் பாட்டை எடைபோடுகிற காரியத்தைத்தான் செய்கிறது.

நானும் இவற்றை நாடாக்களின் வழியாகத்தான் அறிவேன். இன்று எழுதுகிற யாருக்கும் அனேகமாக வேறு வழி இல்லை. எனினும் இவர்கள் விட்டுச் சென்றவற்றில் நாடாவைவிட முக்கியமான ஒன்று இருப்பதாக நான் நினைக்கிறேன். அது ஒரு கத்தைக் காகிதம். அதன் முக்கியத்துவம் விளங்க, முதலில் இந்தக் கலை எதன் மீது நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

*

ஒலிக்கும் நிறத்துக்கும் உறவு தேடும் ஆசை பழையது. 1725ல் லூயி பெர்த்ராந்த் காஸ்தல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் ஸ்வரத்துக்கு ஒரு நிறம் காட்டும் வாத்தியத்தை முன்மொழிந்தார். ஸ்க்ரியாபினின் 'ப்ரொமீதியஸ்' 1911ல் மாஸ்கோவில் முதன்முதலாக வாசிக்கப்பட்டபோது, அவர் இசைக் குறிப்பிலேயே எழுதிச் சேர்த்திருந்த ஒளிப் பகுதி இல்லாமல்தான் வாசிக்க வேண்டியிருந்தது. 1915ல் நியூயார்க்கில் நிகழ்ந்தபோது நிறங்கள் சேர்ந்தன. இவை எல்லாம் அகராதி முயற்சிகள். இந்த ஸ்வரத்துக்கு இந்த நிறம் என்று ஒருவர் தீர்மானிக்கிறார். அந்தத் தீர்மானத்துக்கு அவருடைய ருசியைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. இன்னொருவர் வேறு அகராதி போட்டால் மறுக்கவும் வழியில்லை.

வீடியோவில் நிலைமை அடிப்படையிலேயே வேறு. காமிராவின் முன் விழும் வெளிச்சமும், மைக்கின் முன் எழும் சப்தமும் கம்பிக்குள் நுழைந்ததும் ஒரே பொருளாகிவிடுகின்றன: ஏறி இறங்கும் மின்னழுத்தம். 1960களின் நடுவில் ராபர்ட் மோகும் டான் புக்லாவும் தனித்தனியே உருவாக்கிய இசை சிந்தசைசர்களின் அஸ்திவாரமும் இதுதான். ஒரு பெட்டியிலிருந்து வரும் மின்னழுத்தம் இன்னொரு பெட்டியின் நடத்தையைக் கட்டுப்படுத்தும். இதே காரியத்தைத் தொலைக்காட்சிப் பிம்பத்தின் மீது செய்வது வீடியோ சிந்தசைசர். காமிரா தரும் சமிக்ஞையை அது உருமாற்றலாம். காமிராவே இல்லாமலும் பிம்பத்தை உண்டாக்கலாம்.

இதன் விளைவை ஒரு சிறு கணக்கில் காட்டலாம். அன்றைய அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சி முறையில் ஒரு முழுப் படம் 525 கோடுகளால் ஆனது. திரை மேலிருந்து கீழாக வினாடிக்கு ஏறத்தாழ 60 முறை வரையப்படும். கோடுகள் வினாடிக்குச் சுமார் 15,734. இந்தச் சமிக்ஞையோடு ஒரு அலையைக் கலந்துவிடுவோம். அதன் அதிர்வு வினாடிக்கு 60க்கும் கீழே என்றால் திரை முழுவதும் துடிக்கும். 60ன் மடங்காக அமைந்தால் கிடைமட்டப் பட்டைகள் அசையாது நிற்கும். சற்று விலகினால் அவை மேலே ஏறும் அல்லது கீழே இறங்கும். அதிர்வு 15,734க்கு வந்த பிறகுதான் செங்குத்துப் பட்டைகள் தோன்றும். ஆக, நம் காது கேட்கும் ஒலிகளில் பெரும்பகுதி தொலைக்காட்சித் திரையில் கிடைமட்டப் பட்டைதான். இது யாருடைய ருசியும் அல்ல. கருவியின் இலக்கணம். இருநூறு வருஷ அகராதிகள் தேடிக் கிடைக்காத ஆதாரம் இங்கே தற்செயலாகக் கிடைத்துவிட்டது.

இதை முதலில் தீவிரமாக எடுத்துக்கொண்டவர்களில் இருவர் ஸ்டெய்னா, வுடி வசூல்கா தம்பதி. ஸ்டெய்னா ஐஸ்லாந்தில் பிறந்து பிராக் நகரில் வயலின் பயின்றவர். 1970க்கும் 1978க்கும் இடையே அவர் செய்துவந்த 'வயலின் பவர்' படைப்பில், வில் நரம்பைத் தொட்டதும் எழும் ஒலி, ரட்-எட்ரா என்ற ஸ்கான் பிராசஸர் வழியே அவருடைய பிம்பத்தின் கோடுகளையே இழுத்து நெளிக்கிறது. வாசிக்கிற கையும் வாசிப்பால் நெளிகிறது.

ஆனால் இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஒலி பிம்பத்தை ஆட்டிவைக்கிறது என்பது பார்வையாளனுக்கு ஐந்து நிமிஷத்தில் புரிந்துவிடும். ஸ்டெய்னாவிடம் ஒரு வாத்தியக்காரரின் உடல் நடுவில் இருப்பதால் தப்பிக்கிறது. அது இல்லாத இடத்தில், ஒலிக்கு ஏற்ப ஆடும் பட்டைகள் வெறும் அளவுமானிதான். ஒரே மின்சாரம் என்பதனாலேயே இரண்டும் ஒரே கலையாகிவிடாது. ஒலியை ஒருவரும் பிம்பத்தை ஒருவரும் கையில் வைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் கேட்டும் பார்த்தும் முன்னேற வேண்டும். நிகழ்த்துதல் இங்கே ஒரு அலங்காரமாக வந்து சேரவில்லை. இந்தச் சிக்கலிலிருந்து தப்ப அது ஒன்றே வழியாக இருந்தது.

*

முதல் கட்டங்கள் அரைகுறையானவை. 1970 ஆகஸ்டு 1 அன்று பாஸ்டனின் டபிள்யூ.ஜி.பி.எச். தொலைக்காட்சி நிலையத்திலிருந்து நாம் ஜூன் பைக், தானும் ஷூயா அபேயும் சேர்ந்து கட்டிய சிந்தசைசரை நான்கு மணி நேரம் நேரடி ஒளிபரப்பில் இயக்கினார். இசை பீட்டில்ஸ். அது ஏற்கெனவே பதிவானது. பிம்பம் மட்டுமே அந்தக் கணத்தில் பிறந்தது. இரண்டு பாதிகளில் ஒன்றுதான் உயிரோடு இருந்தது எனலாம்.

இரண்டு பாதிகளும் உயிரோடு சந்தித்தது ஸான் பிரான்ஸிஸ்கோவில். அங்கே கே.கியூ.இ.டி. நிலையத்தை ஒட்டி இயங்கிய தொலைக்காட்சிப் பரிசோதனைகளுக்கான தேசிய மையத்தில், ஸ்டீபன் பெக் தமது டைரக்ட் வீடியோ சிந்தசைசரை உருவாக்கியிருந்தார். பெயரே சொல்வது போல, காமிராவின் தயவு அதற்கு வேண்டாம். வடிவம், நிறம், அசைவு எல்லாம் மின்சுற்றுகளிலிருந்தே பிறக்கும். 1972ல் தொடங்கிய 'இல்லுமினேடட் மியூசிக்' நிகழ்ச்சிகளில் பெக் பிம்பத்தை வாசித்தார். வார்னர் ஜெப்சன் புக்லா சிந்தசைசரில் இசையை வாசித்தார். பிம்பத்தை 'வாசிப்பது' என்ற சொல் இங்கே உருவகம் அல்ல. ஆனால் பெக்கின் கருவி பெக்கிடம்தான் இருந்தது. மையமும் 1970களின் நடுப்பகுதியைத் தாண்டவில்லை.

நியூயார்க்கில் வசூல்கா தம்பதி 1971 ஜூன் 15 அன்று மெர்ஸர் கலை மையத்தில், ஒரு பழைய ஹோட்டலின் சமையலறையாக இருந்த அறையில், ஓர் அரங்கைத் திறந்தார்கள். பெயரும் 'தி கிச்சன்' தான். வீடியோக்காரர்களும் எலெக்ட்ரானிக் இசைக்காரர்களும் ஒரே கூரையின் கீழ் மாறி மாறி நிகழ்த்திய இடம் அது. 1973 ஆகஸ்டு 3 அன்று அந்தக் கட்டடமே இடிந்து விழுந்தது. கிச்சன் வேறு இடத்துக்குக் குடிபெயர்ந்து பிழைத்தது. வசூல்கா தம்பதி அந்த வருஷமே பஃபலோ நகருக்குச் சென்றார்கள்.

இம்மூன்றிலும் ஒரு பொதுத்தன்மையைப் பார்க்கிறேன். ஒரு நிலையமோ, ஒரு மையமோ, ஒரு கட்டடமோ தாங்கும்வரை கலை நடக்கிறது. தாங்கியது விலகியதும் அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. நிகழ்கலையின் விதி இதுதான் என்று சொல்லி நாம் பெருமூச்சு விடலாம். சிகாகோவில் அப்படிப் பெருமூச்சு விடாத இருவர் இருந்தார்கள்.

*

டான் சாண்டின் பௌதிகம் படித்தவர். 1969ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சிகாகோ சர்க்கிள் வளாகத்தில் கலைத் துறைக்கு வந்தார். 1970 மே மாதம் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவல் படை நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்றதை ஒட்டி எங்கும் எழுந்த போராட்டங்களின் நாட்களில்தான் அவருக்கு வீடியோவோடு நெருக்கம் ஏற்பட்டது. மோக் சிந்தசைசர் ஒலிக்குச் செய்ததைப் பிம்பத்துக்குச் செய்வது எப்படி என்ற கேள்வியிலிருந்து, 1971க்கும் 1973க்கும் இடையில் அவர் கட்டியது இமேஜ் பிராசஸர்.

அது சிறு சிறு பெட்டிகளின் அடுக்கு. ஒரு பெட்டி இரண்டு சமிக்ஞைகளைக் கூட்டும், பெருக்கும். ஒன்று, வெளுப்புக்கும் கறுப்புக்கும் இடைப்பட்ட சாம்பல் அளவுகளைப் படிகளாகப் பிரிக்கும். ஒன்று உருவங்களின் விளிம்புகளை மட்டும் பொறுக்கி எடுக்கும். ஒன்று சாம்பல் அளவுகளுக்கு நிறம் தரும். எந்தப் பெட்டியிலிருந்து வெளிவருவதையும் எந்தப் பெட்டிக்குள்ளும் கம்பியால் செலுத்தலாம். கம்பிகள் இணைந்திருக்கும் விதமே அன்றைய 'பாட்டு'. திருகுகளைத் திருப்புவது அதற்குள் செய்யும் சஞ்சாரம். கருவிக்கு ஞாபகம் கிடையாது. நிகழ்ச்சி முடிந்து கம்பிகளைக் கழற்றிய பிறகு அந்தப் பாட்டு எங்கும் இல்லை.

1973ல் டாம் டிஃபான்டி ஓஹாயோவிலிருந்து அதே வளாகத்துக்கு வந்து சேர்ந்தார். அவர் எழுதிய 'க்ராஸ்' என்ற கணினி மொழியில், கோடுகளாலான உருவங்களைத் திரையில் உடனுக்குடன் சுழற்றலாம், சுருக்கலாம், விரிக்கலாம். 1977ல் வெளியான 'ஸ்டார் வார்ஸ்' படத்தில், தாக்குதலுக்கு முன் விமானிகளுக்குக் காட்டப்படும் கோட்டு வரைபடத்தை லாரி கியூபா செய்தது இதே கணினியில்தான். டிஃபான்டியின் திரையில் நிறமில்லை, வெறும் ஒளிக் கோடுகள். அந்தத் திரையின் முன் ஒரு காமிராவை நிறுத்தி, காமிராவின் சமிக்ஞையைச் சாண்டினின் கருவிக்குள் விட்டார்கள். ஒருவர் உருவத்தை அசைக்க, மற்றவர் அதற்கு நிறமும் உடலும் தந்தார். மூன்றாமவர் ஒலி.

1975, 1976, 1978 ஆகிய வருஷங்களில் 'எலெக்ட்ரானிக் விஷுவலைசேஷன் ஈவன்ட்' என்ற பெயரில் இவை பார்வையாளர் முன் நிகழ்ந்தன. ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்தே நிகழ்த்தினார்கள். இசையமைப்பாளரான பாப் ஸ்னைடர் ஒலியிலும் பிம்பத்திலும் ஒருசேர வேலை செய்தவர். டிஃபான்டி, சாண்டின் இருவரோடு மிமி ஷெவிட்ஸ் ஒலியைக் கவனித்துக்கொண்ட 'ஸ்பைரல்' இந்தக் கூட்டத்தின் மிகவும் அறியப்பட்ட படைப்பு. ஒரு சுருள், அவ்வளவுதான். அது விரிகிறது, மடிகிறது, தன் தடத்தையே தான் விழுங்குகிறது. இதன் ஒரு நிகழ்வு நேரடியாகப் பதிவு செய்யப்பட்டு நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் வீடியோ தொகுப்பில் இடம்பெற்றது. அந்த நாடாவின் பெயர் 'ஸ்பைரல் 5 பி.டி.எல்.' அந்த மூன்று எழுத்துகள் 'இதுவே கடைசியாக இருக்கலாம்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம். அருங்காட்சியகம் அதை முடிந்த படைப்பாக எடுத்துக்கொண்டது. எண்ணும் எழுத்துகளுமோ, திரும்பத் திரும்ப நிகழ்த்தப்பட்ட ஒன்றின் ஒரு முறை இது என்கின்றன.

*

இந்த இடத்தில் நம்மவர் ஒருவர் எழுந்து, இது ராக ஆலாபனைதானே என்பார். ஒப்புமை கவர்ச்சியானது. அந்நாளைய அமெரிக்கர்களே மண்டலம், தியானம் என்று கிழக்கு நோக்கிக் கைகாட்டியவர்கள்தான். ஆனால் நான் இதை மறுக்க வேண்டியிருக்கிறது. ஆலாபனையைக் கேட்பவனுக்கு ராகம் முன்பே தெரியும். பாடகர் எந்த இடத்தில் துணிகிறார், எந்த இடத்தில் பழகிய பிடியில் ஒதுங்குகிறார், எங்கே சறுக்குகிறார் என்பதெல்லாம் அவனுக்குப் புலனாகும். அந்தக் கேட்பவனும் சேர்ந்ததுதான் மனோதர்மம். சிகாகோவில் 1975ல் திரையின் முன் உட்கார்ந்திருந்தவனுக்கு அப்படி எதுவும் தெரிய வழியில்லை. ஒரு பிம்பம் அபூர்வமானதா, கருவியை முடுக்கினால் தானாக வரக்கூடியதா என்று அவனால் சொல்ல முடியாது. தவறு என்ற ஒன்றே இல்லாத இடத்தில் சாதனைக்கு என்ன அர்த்தம்?

இந்தக் காலத்து நாடாக்களில் கணிசமானவை அலுப்பூட்டுகின்றன என்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். காமிராவைத் தன் திரையையே பார்க்கவைத்தால் சுருள்கள் தாமாக மலரும். அதை ஞானம் என்று நினைத்தவர்கள் ஏராளம். நிறம் மாறுவதே நிகழ்ச்சி என்று நினைத்தவர்களும் ஏராளம். மரபில்லாத இடத்தில் மனோதர்மம், கருவியின் சுபாவமாகச் சரிந்துவிடுகிறது.

மரபு எங்கிருந்து வரும்? ஒரே கருவி பல கைகளில் இருந்தால் வரும். வீணை ஒருவரிடம் மட்டும் இருந்திருந்தால் வீணை வாசிப்பு என்று ஒன்று இருந்திருக்காது. ஒரு மனிதரின் விநோதம் மட்டும் இருந்திருக்கும். ஒருவரிடம் மட்டுமுள்ள கருவி இன்னும் கருவியாகவில்லை. பத்துப் பேர் அதை வாசிக்கும்போதுதான், எது கருவியினுடையது, எது வாசிப்பவருடையது என்று பிரித்தறிய முடிகிறது. விமர்சனம் அங்கேதான் சாத்தியமாகிறது.

நான் முதலில் குறிப்பிட்ட காகிதக் கத்தை இங்கே வருகிறது. சிகாகோ கலைக் கல்லூரியில் வீடியோ துறையைத் தொடங்கிய ஃபில் மார்ட்டன், சாண்டினின் கருவியைப் போல ஒன்று தமக்கும் கட்டிக்கொள்ள அனுமதி கேட்டார். சாண்டின் கொடுத்தார். அதைக் கட்டும் வேலையின் ஊடே இருவரும் மின்சுற்று வரைபடங்கள், உதிரிப் பாகங்களின் பட்டியல், கட்டும் முறை எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தித் தொகுத்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் அது கிடைத்தது. தொகுப்பின் பெயர் 'டிஸ்ட்ரிபியூஷன் ரிலிஜியன்', அதாவது விநியோக மதம். பெயரில் கிண்டல் இருக்கிறது, காரியத்தில் இல்லை. அதை வைத்துக்கொண்டு இருபதுக்கும் மேற்பட்ட இமேஜ் பிராசஸர்கள் வெவ்வேறு கைகளால் கட்டப்பட்டன. மார்ட்டன் ஒருபடி மேலே போய், தமது நாடாக்களையும் எவரும் பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்று 'காப்பி-இட்-ரைட்' என்ற கொள்கையை அறிவித்தார். காப்புரிமைக்கான ஆங்கிலச் சொல்லைப் பிரித்து, சரியாகப் பிரதி எடு என்று திருப்பிய சொல் அது.

இதைத் தாராள மனம் என்று மட்டும் பாராட்டிவிட்டுப் போவது போதாது. கட்டிய ஒவ்வொருவரும் ஈயம் வைத்துப் பற்றவைத்து, சோதித்து, பழுது பார்த்துக் கருவியை உள்ளிருந்து அறிந்தவர்கள். வாங்கியவர்கள் அல்ல. மற்றொருவர் நிகழ்த்தும்போது எந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று கேட்டறியாமலே தெரிந்துகொள்ளும் பார்வையாளர்கள் இப்படித்தான் உண்டானார்கள். ஆலாபனைக்கு நூற்றாண்டுகள் தந்ததை இவர்கள் ஒரு கத்தைக் காகிதத்தால் சில வருஷங்களில் உண்டாக்கப் பார்த்தார்கள். முழு வெற்றி என்று சொல்லமாட்டேன். ஆனால் பிரச்னையைச் சரியாக இனம் கண்டிருந்தார்கள்.

*

எதிர்நிலைக்கு ஒரு உதாரணம். பெல் ஆய்வுக்கூடத்தில் மாக்ஸ் மாத்யூஸும் எஃப். ஆர். மூரும் உருவாக்கிய 'க்ரூவ்' என்ற கணினி இசை அமைப்பில், இசையமைப்பாளர் லாரி ஸ்பீகல் 1974க்கும் 1976க்கும் இடையில் பிம்பத்தையும் சேர்த்து 'வாம்பையர்' என்ற அமைப்பை எழுதினார். ஒரே கருவியில் கண்ணுக்கும் காதுக்கும் வாசிப்பது அவருடைய லட்சியம். இசை அறிவில் நான் இதுவரை குறிப்பிட்ட பலரைவிட ஸ்பீகல் ஒருபடி மேல். ஆனால் அந்தக் கணினி ஒரு கம்பெனியின் ஆய்வறையில் இருந்த ஒற்றைக் கணினி. அது அகற்றப்பட்டதோடு வாம்பையரும் போயிற்று. 1998ல் அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே நினைவஞ்சலி என்று பொருள்படும் சொல் இருக்கிறது. சிறந்த கலைஞர், சிறந்த கருவி. பிரதி மட்டும் இல்லை.

சிகாகோக்காரர்களைப் புனிதர்களாக்குவது என் நோக்கம் அல்ல. வரைபடத்தை இலவசமாகக் கொடுக்க அவர்களால் முடிந்ததற்குக் காரணம் கல்லூரிச் சம்பளம். சாண்டின் இதை மறைக்கவில்லை. அரசாங்கம் தமக்குச் சம்பளம் தருவது இந்த அறிவை உண்டாக்கவும் பரப்பவும்தான் என்பது அவர் வெளிப்படையாகச் சொன்ன நியாயம். சம்பளமில்லாத கலைஞனுக்கு இந்த மதத்தில் என்ன இடம் என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. இன்னொன்று, இது கடைசிவரை ஒரு சிறு வட்டம். நிகழ்த்தியவர்களே பார்த்தார்கள், பார்த்தவர்களே நிகழ்த்தினார்கள். முந்நூறு பிரதி அச்சிட்டு, எழுதுபவர்களே படிப்பவர்களாக இருக்கும் நாம் இதைக் குறையாகச் சொல்லத் தகுதியற்றவர்கள். ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கலாம். சிறு வட்டம் தன் மேன்மைக்குச் சாட்சியாக இருந்துவிட்டுக் கலைந்து போகலாம். அல்லது தான் செய்வதை எப்படிச் செய்கிறோம் என்று, தன்னை அறியாதவனும் செய்து பார்க்கும்படி எழுதி வைக்கலாம். முதலாவதில் நமக்குப் பயிற்சி நிறைய.

1992ல் டிஃபான்டியும் சாண்டினும் கரோலினா க்ரூஸ்-நெய்ராவும் சேர்ந்து, மனிதன் உள்ளே நின்று பார்க்கும் 'கேவ்' என்ற கணினி அறையைக் காட்டினார்கள். எவரும் வீட்டு மேஜையில் பற்றவைக்கக்கூடிய சமாச்சாரம் அல்ல அது. மார்ட்டன் 2003ல் இறந்தார். பழைய அனலாக் ஒளிபரப்பு முறையும் அமெரிக்காவில் முடிந்துவிட்டது. 525 கோடுகள் என்பதே இன்று சரித்திரம். ஆயினும் விநியோக மதத்தின் பக்கங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அந்த வரைபடங்களைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், கட்டவும் கட்டுகிறார்கள். 1975ல் அன்று மாலை எந்தக் கம்பி எந்தத் துளையில் இருந்தது என்பது அதில் இல்லை. எத்தனை துளைகள், எங்கே, எதற்கு என்பது இருக்கிறது.